சுகவாழ்வு மையம்: பால்வினை நோய் அறிகுறி தெரிந்தால் எங்கே போவது?

சிறுநீர் போகும்போது எரிச்சல், பிறப்புறுப்பில் சின்னதாய் ஒரு புண் என்றால் நம் ஊரில் உடனே சொல்லும் காரணம் ‘உடம்பு சூடு’தான். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று இரண்டு வாரம் ஓடிவிடும். வெறும் நீர்க்கடுப்பாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் உடலுறவு மூலம் தொற்றும் பால்வினை நோயாக இருந்தால், அந்த இரண்டு வாரத்தில் அது துணைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்காகவே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நாடு முழுக்க ‘சுரக்ஷா கிளினிக்’குகள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் அதற்குச் சுகவாழ்வு மையம் என்று பெயர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை போன்ற இடங்களில் இருக்கும். பரிசோதனை, மருந்து, ஆலோசனை மூன்றுமே இலவசம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் நோயைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், ‘தோல் டாக்டரைப் பார்க்கணும்’ என்றால் போதும். பெண்கள் மகப்பேறு, மகளிர் மருத்துவப் பிரிவிலும் காட்டலாம்.

எப்போது போக வேண்டும்? ஆண்குறியிலிருந்து சீழ் வடிந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டினால், பிறப்புறுப்பில் கொப்புளமோ மருவோ தெரிந்தால், உறவின்போது பெண்ணுக்கு வலியோ இரத்தக் கசிவோ இருந்தால், அடிவயிற்றுவலி விடாமல் இருந்தால். வெள்ளைப்படுதல் எல்லாமே நோய் இல்லை. ஆனால் நாற்றம், அரிப்பு, நிற மாற்றம், தயிர்போல் திரிதிரியாக வருவது இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். பெண்கள் பலருக்குக் கிளமிடியா போன்ற தொற்று எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் கணவருக்கோ துணைக்கோ தொற்று என்று தெரிந்தாலே பரிசோதனைக்குப் போவதுதான் சரி.

பால்வினை நோய்களில் அதிகம் ஏமாற்றுவது சிபிலிஸ். தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். வலிக்காது. சில வாரங்களில் தானாக ஆறியும்விடும். லாட்ஜில் அறை எடுத்து ‘ஆண்மை சிகிச்சை’ செய்கிறவர்கள் தங்கள் லேகியத்தால் ஆறியதாகச் சொல்லிக் காசு பார்ப்பது இந்த இடத்தில்தான். புண் ஆறினாலும் கிருமி இரத்தத்தில் இருக்கும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம், பல வருடம் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கலாம். ஒரு இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, ஆரம்பத்திலேயே பென்சிலின் ஊசியில் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

மையத்தில் மருத்துவர் அறிகுறியைப் பார்த்து அன்றே மருந்தைத் தொடங்குவார். மருந்துகள் ஏழு வகைப் பொட்டலங்களாக, நிறம் பிரித்து வரும். சீழ் வடிதலுக்குச் சாம்பல் நிறம், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, ஹெர்பிஸ் என்ற வைரஸால் வரும் கொப்புளத்துக்குச் சிவப்பு, பெண்களின் அடிவயிற்றுவலிக்கு மஞ்சள். சில ஒரே வேளை மாத்திரை, சில மூன்று வாரம்கூடப் போகும். எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் இரண்டு மாத்திரை இதற்கு மாற்று ஆகாது.

துணையையும் அழைத்து வரச் சொல்வார்கள். சங்கடம்தான், புரிகிறது. ஆனால் ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் அதே தொற்று திரும்ப வரும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். அதுவும் இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் சொல்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு உறவின் மூலம் தொற்று என்று தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போகும். சிகிச்சை எப்படியும் உண்டு.

கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டுக்கும் முதல் மூன்று மாதத்திலேயே பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். சிபிலிஸ் உள்ள தாய்க்கு நேரத்தில் பென்சிலின் ஊசி போட்டுவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறப்பதையும், நோயோடு பிறப்பதையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

பக்கத்தில் மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097க்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, பெயரும் சொல்ல வேண்டாம்.