மாடிப்படியில் வழுக்கியதாகச் சொல்லும் கால்வலி

ஆகஸ்ட் தொடங்கி பிப்ரவரி வரை கல்லூரிகளில் கல்ச்சுரல்ஸ் காலம். அந்த மாதங்களில் கால்வலியோடு என்னிடம் வரும் மாணவ மாணவிகளில் பலர் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். “ஹாஸ்டல் மாடிப்படியில வழுக்கிட்டேன் மேடம்.”

திருச்சியில் பதினாலு வருடமாகப் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை செய்கிறேன். படியில் வழுக்கினால் பெரும்பாலும் ஒரு காலில்தான் அடிபடும். கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கும், அல்லது இடுப்புக்குக் கீழே பின்பக்கம் அடிபட்டு உட்கார முடியாமல் போகும். இரண்டு கால்களிலும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்ஓரமாக, நான்கைந்து விரல் அகலத்துக்கு மூன்று வாரமாக வலி இருக்கிறது என்றால் அது படியில் வந்த வலி கிடையாது. கெட்டித் தரையில் திரும்பத் திரும்பக் குதித்து இறங்கியதால் வருவது. “எந்த டான்ஸ் டீம்ப்பா? வெஸ்டர்னா, ஃபோக்கா?” என்று மெதுவாகக் கேட்பேன். கூட வந்திருக்கும் அம்மாவையோ அப்பாவையோ ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்தத் தலைகுனிவுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். காயத்தை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் காயத்தை ஆறு வாரம் மறைத்து வைத்துவிட்டு வந்தால், இரண்டு வாரத்தில் சரியாக வேண்டியது மூன்று மாதம் இழுக்கிறது.

பார்க்கிறவர்களுக்குக் குரூப் டான்ஸ் என்றால் ஐந்தாறு நிமிட ஆட்டம். கலர் லைட், சத்தமான மிக்ஸ், கைதட்டல், முடிந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இரண்டு மாத பிராக்டிஸ் இருக்கிறது. ஒரு குதி சரியாக வரவேண்டும் என்றால் அதை ஒரே மாலையில் ஐம்பது அறுபது தடவை குதிப்பார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் காலில் விழுகிறது. ஃபார்மேஷன் மாறும்போது ஓடவேண்டும், ஆட்டத்தின் நடுவே ஒருவரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டில் கீழே நின்று தாங்குகிறவர் ஐம்பது கிலோவைத் தலைக்கு மேலே தூக்கவேண்டும், மேலே ஏறுகிறவர் அந்த உயரத்திலிருந்து சிரித்த முகத்தோடு இறங்கவேண்டும். இதயத் துடிப்பும் மூச்சும் 800 மீட்டர் ஓடுகிறவருக்கு எகிறுவதுபோலவே எகிறும்.

இதை எங்கே பழகுகிறார்கள்? கார் பார்க்கிங்கில், மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் தளத்தில், ஆடிட்டோரியத்துக்கு வெளியே கிரானைட் வராந்தாவில். மரத்தளம் போட்ட உள்ளரங்கம் கல்லூரியில் இருந்தாலும் அது பேட்மின்டன் டீமுக்கு. விளையாட்டு டீம்களுக்கு உடற்கல்வி இயக்குநர் இருக்கிறார், முதலுதவிப் பெட்டி இருக்கிறது, சில கல்லூரிகளில் என்னைப் போன்ற ஒருவர் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறார். டான்ஸ் டீம் நுண்கலைக் குழுவின் கணக்கில் வருவதால் அவர்களுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாக வருகைப் பதிவு) மட்டும் கிடைக்கிறது. பெண்கள் டீம் நிலைமை இன்னும் நெருக்கடி. வகுப்பு முடிவதற்கும் ஹாஸ்டல் கேட் மூடுவதற்கும் நடுவில் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் அவர்களுக்கு. அதில் கால் மணி நேரம் வார்ம்-அப்புக்குக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. நேராகப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். கேட் மூடும் நேரத்துக்கும் தசைக் கிழிசலுக்கும் உள்ள தொடர்பைப் பல வார்டன்களிடம் விளக்கியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாணவி வந்தாள். இரண்டாம் ஆண்டு, வெஸ்டர்ன் டீம். வழக்கம்போல மாடிப்படி. வலது கால் முன்னெலும்பில் ஒரே ஓர் இடத்தை விரலால் அழுத்தினேன், துள்ளிவிட்டாள். ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம் என்று சந்தேகப்படவேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் பல சமயம் ஒன்றும் தெரியாது. “எக்ஸ்ரே நார்மல்” என்று கேட்டதும் நிம்மதியாக மறுநாளே பிராக்டிஸுக்குப் போய்விடுகிறார்கள். எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். நுண்முறிவுதான். ஏழு வாரமாக வலியோடு ஆடியிருக்கிறாள். காலையில் ஒரு வலி மாத்திரை, பிராக்டிஸுக்கு முன்னால் ஸ்ப்ரே, மேலே கிரேப் பேண்டேஜ், அதன்மேல் லெகிங்ஸ். இத்தனையும் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.

அவளுடைய அப்பா கோபமாகத்தான் உட்கார்ந்திருந்தார். “படிக்க அனுப்பினா ஆட்டம் ஆடி காலை ஒடைச்சுக்கிட்டு வந்திருக்கா டாக்டரம்மா. நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்றது?” பேசிக்கொண்டே தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அதில் பழைய தையல் தழும்பு. என்னவென்று கேட்டேன். இளவயதில் மாவட்ட அளவில் கபடி ஆடியவர், அப்போது பட்டது. அந்தக் கதையை அவர் சொன்னபோது குரலே மாறியது. எந்த ஊர்ப் போட்டி, யார் பிடித்தது, எத்தனை பாயிண்ட் என்று எல்லாம் நினைவில் இருந்தது.

சண்டை போடவோ வாதாடவோ எனக்குத் தோன்றவில்லை. மகளின் போனில் இருந்த பிராக்டிஸ் வீடியோவைச் சத்தத்தை முழுக்கக் குறைத்து அவரிடம் காட்டினேன். பாட்டு இல்லாமல், மேடை உடை இல்லாமல், வெறும் டி-ஷர்ட்டில் பன்னிரண்டு பேர் குதிப்பதும் உருள்வதும் எழுவதும் மட்டும். முழுதும் பார்த்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி: “கீழ மேட் போடலையா?”

ஆடுகளம் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். அதற்குப் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. பன்னிரண்டு வாரத்தில் அவள் படிப்படியாக ஆட்டத்துக்குத் திரும்பினாள். சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் அப்பாதான் வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. நம் ஊரில் ஆட்டத்தின் மேல் இருக்கும் மனத்தடை இன்று நேற்று வந்ததில்லை. 1932இல், தேவதாசிகள் பரம்பரையாக ஆடிவந்த சதிராட்டம் மேடையில் இருக்கலாமா கூடாதா என்று, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் அந்த ஆட்டத்தைக் காக்க நினைத்த வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயரும் சென்னைப் பத்திரிகைகளில் கடிதம் எழுதி மோதிக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து, அந்தப் பரம்பரைக்கு வெளியே பிராமணக் குடும்பத்தில் பிறந்த ருக்மிணி தேவி அடையாறில் அதை ஆடினார். அதே கலை பரதநாட்டியம் என்ற பெயரில் மரியாதைப்பட்ட வீடுகளுக்குள் வந்துவிட்டது. பரம்பரையாக அதை ஆடிவந்த பெண்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இன்றைக்கும் நான் பார்க்கும் வீடுகளில் மகளின் அரங்கேற்றப் படம் ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அதே மகள் கல்லூரியில் குத்தோ ஹிப்ஹாப்போ ஆடும் வீடியோ சொந்தக்காரர் வாட்ஸப்பில் வந்துவிட்டால் வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். பரதத்தில் முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியில் தேய்ந்த முழங்காலும் குத்தாட்டத்தில் தேய்ந்த முழங்காலும் என் மேசைமேல் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

பறையாட்டக் குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடக் கடினம். வெறுங்காலோடு தார்ச்சாலையிலும் சிமெண்டிலும் அடவு போட்டுக் குதிகால் பிடித்துப்போய் வருவார்கள். ஒரு தோளில் மாட்டிய பறையின் பாரத்தில் கழுத்தும் இறுகியிருக்கும். வீட்டில் கேட்கப்படும் கேள்வி வலியைப் பற்றி இருக்காது, “அதை எதுக்கு நீ தூக்குற” என்று இருக்கும். அந்தக் கேள்வியில் சாதி இருக்கிறது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

பையன்களுக்கு வேறு மாதிரி. ஒரு சமகால நடனத்தில் இடுப்பை வளைத்த மாணவனின் ரீலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான பேர் அவன் ஆண்தானா என்று கேட்டிருந்தார்கள். அவன் என்னிடம் வந்தது இடுப்புத் தசைப்பிடிப்புக்கு. சிகிச்சை நடந்த மூன்று வாரமும் அந்தக் கமெண்டுகளைப் பற்றித்தான் பேசினான்.

குறை சொல்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சில மிக்ஸ்களில் வரும் பாட்டு வரிகளைக் கேட்டு நானே முகம் சுளித்திருக்கிறேன். அதைக் குழுவை அழைத்துச் சொல்லலாம், பாட்டை மாற்றச் சொல்லலாம். பத்தொன்பது வயதுப் பெண்ணின் வீடியோவை வெட்டி எடுத்து, முன்பின் தெரியாதவர்கள் அவளுடைய பெற்றோரை இழுத்துப் பேசுவது வேறு.

இது நம் ஊரின் பிரச்சினை மட்டும் கிடையாது. அமெரிக்கக் கல்லூரி டான்ஸ் டீம்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆர்லாண்டோவில் தேசியப் போட்டிக்குக் கூடுகின்றன. பார்த்தால் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றே தோன்றும் அளவுக்குக் கடினமான இரண்டு நிமிட ஆட்டங்கள். அங்கேயும் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டியலில் டான்ஸ் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங், அதாவது பிரேக் டான்ஸ், முதல்முறை போட்டியாக வந்தது. தங்கம் வென்ற ஜப்பானின் அமியை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்ற ஆஸ்திரேலியப் பெண்ணின் வீடியோவைத்தான் உலகம் முழுவதும் பகிர்ந்து சிரித்தார்கள். அந்த வாரம் என்னிடம் சிகிச்சையில் இருந்த பிரேக்கிங் ஆடும் ஒரு மாணவி, தன் இன்ஸ்டா கணக்கைப் பூட்டிவிட்டாள்.

போட்டி நடத்தும் மாணவர் குழுக்களிடம் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் விதிமுறைத் தாள்களை நான் விடாமல் படிக்கிறேன். ஆபாசம் இருந்தால் தகுதி நீக்கம், தீ கூடாது, தண்ணீர் கூடாது, கண்ணாடி கூடாது, நேரம் தாண்டினால் மதிப்பெண் குறையும். எல்லாம் சரி. லிஃப்ட் எத்தனை உயரம் வரை போகலாம், விழுந்தால் யார் பார்ப்பார்கள், மேடை என்ன தளம் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. தலை மோதி விழுந்த மாணவரை முகத்தில் தண்ணீர் தெளித்து ஃபைனலுக்கு அனுப்பியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அன்றைக்கு மறுபடி மேடை ஏறக்கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

அடுத்து சாப்பாடு. டீமில் இருக்கும் பெண்கள் பலர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, மதியம் பாதிச் சாப்பாட்டோடு நிறுத்தி, மாலையில் டீயும் பிஸ்கட்டுமாக ஆடுகிறார்கள். லிஃப்டில் மேலே ஏறுகிறவள் எடை கூடக்கூடாது என்று டீமே சொல்லிவைத்திருக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த உடம்போடு பட்டினியும் பயிற்சியும் சேர்ந்தால் முதலில் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு எலும்பு பலவீனமாகும். செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததால் வரும் இந்தக் கோளாறுக்கு 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வரும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் “பிராக்டிஸ் டைம்ல இப்படித்தான்” என்று சீனியர் அக்கா சொல்வதைக் கேட்காமல் மருத்துவரைப் பாருங்கள். நுண்முறிவோடு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் இதை நான் கேட்கிறேன். அதுவரை வேறு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கணுக்கால் பிசகினால் உடனே சுளுக்கு வழிக்கப் போகாதீர்கள். தைலம் போட்டு அழுத்தி உருவினால் கிழிந்த தசைநாரில் ரத்தக்கசிவு கூடும். முதல் இரண்டு நாள் காலை உயர்த்தி வைத்து, இறுக்கமில்லாமல் கட்டுப் போட்டு, துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் வைத்தால் போதும். நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இருபக்க எலும்பு முனைகளின் பின்விளிம்பை அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே தேவை. 1992இல் கனடாவின் ஆட்டவாவில் வகுத்த எளிய விதி இது. டீம் கேப்டன்கள் இதைக் கற்றுவைத்துக்கொண்டால் நல்லது.

கல்லூரி நிர்வாகத்திடம் நான் கேட்பது அதிகமில்லை. போட்டிக்கு முந்தைய ஆறு வாரங்களில், வாரத்துக்கு இரண்டு மாலை உள்ளரங்கத்தைத் திறந்துவிடுங்கள். முடியாவிட்டால் ஸ்டோர் ரூமில் சுருட்டி வைத்திருக்கும் பழைய கபடி மேட்டைக் கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியரை ஒரு நாள் டான்ஸ் டீமுக்கு வார்ம்-அப் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நான் பேசிப்பார்த்தவரை அவர்கள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

டீமில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உங்களுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. எப்படி அடிபட்டது என்று நீங்கள் என்னிடம் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் வீட்டுக்கோ கல்லூரிக்கோ நான் சொல்லமாட்டேன். சொல்லவும் கூடாது. அம்மா அப்பா கூட வந்திருந்தால், “தனியாப் பேசணும் மேடம்” என்று சொல்லுங்கள், அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பரிசோதிக்கிறேன். எந்தப் பாட்டு, எந்த ஸ்டெப், எத்தனை மணி நேரம், எந்தத் தரை என்று எல்லாம் எனக்குத் தெரியவேண்டும். முடிந்தால் பிராக்டிஸ் வீடியோவையும் போனில் எடுத்து வாருங்கள். வலி தொடங்கி ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டால், பெரும்பாலும் ஆட்டத்தை முழுக்க நிறுத்தச் சொல்லமாட்டேன். குதிக்கும் எண்ணிக்கையைக் குறைத்து மற்றதைத் தொடரலாம்.