டார்கெட் ட்ரான்ஸிஷன்: இத தமிழ்ல என்னன்னு சொல்றது?

பிஸ்டல் ஷூட்டிங் பழகுறவங்க பேச்சுல அடிக்கடி வர்ற வார்த்தை ட்ரான்ஸிஷன். ஒரு டார்கெட்ட சுட்டு முடிச்சு, துப்பாக்கிய அடுத்ததுக்கு கொண்டுபோய், அங்க முதல் குண்டு வெடிக்கிற வரைக்கும் நடக்குறது எல்லாமே இதுல அடக்கம். ஷாட் டைமர் (ஒவ்வொரு வெடிச் சத்தத்தோட நேரத்தையும் குறிச்சு வைக்கிற கருவி) வச்சு பழகுனா நம்பராவே தெரியும்: ஒரே டார்கெட்ல ரெண்டு குண்டுக்கு நடுவுல ஆகுற நேரம் ஸ்ப்ளிட், டார்கெட் மாறும்போது ஆகுற நேரம் ட்ரான்ஸிஷன். (ரைஃபிள விட்டுட்டு கைத்துப்பாக்கிய எடுக்குறதுக்கும் இதே பேருதான், அது வேற கதை.)

சொல்லோட வேர் லத்தீன். ட்ரான்ஸ்னா குறுக்கே, அந்தப்பக்கம், ஈரேன்னா போறது, சேர்த்தா "கடந்து போறது". டார்கெட்டோட பூர்வீகம் இன்னும் சுவாரசியம், பழைய பிரெஞ்சுல தார்ஜ்னா கேடயம், அதோட குட்டி வடிவம்தான் டார்கெட், அதாவது அடி படாம காப்பாத்துற சாமானோட பேரு கடைசில அடி வாங்கவே நிக்க வைக்கிற பலகைக்கு போயிருச்சு.

என்னைக் கேட்டா இந்த "கடந்து போறது"ங்கிற அர்த்தம்தான் பழகுறவங்கள கெடுக்குது. நடுவுல இருக்குற தூரத்த வேகமா கடக்கணும்னு நெனச்சு துப்பாக்கிய வீசுறாங்க, அது டார்கெட்ட தாண்டி ஒரு சாண் போய்ட்டு திரும்பி வருது, மிச்சம் புடிச்ச நேரம் அங்கயே காலி. இதவிட மோசமான தப்பு ஒண்ணு இருக்கு, முதல் டார்கெட்ல கடைசி குண்டு போறதுக்குள்ளயே கை கிளம்பிரும். காகிதத்துல பாருங்க, இடமிருந்து வலமா போயிருந்தா அந்த ஒரு ஓட்டை மட்டும் வலது பக்கமா ஒதுங்கி இருக்கும்.

ஒழுங்கா செஞ்சா கண்ணுதான் முதல்ல போகணும். குண்டு போன நொடில சைட் (துப்பாக்கி மேல குறி பாக்க இருக்குற அமைப்பு) எங்க இருந்துச்சுன்னு பாத்துட்டு, கண்ண மட்டும் அடுத்த டார்கெட்டுக்கு அனுப்பணும், அதுவும் முழு பலகைக்கு இல்ல, சட்டை பட்டன் அளவு ஒரு புள்ளிக்கு. சைட் பின்னாடியே வந்து அந்தப் புள்ளில உக்காரும். தோள் இறுகக்கூடாது, டார்கெட் தள்ளி இருந்தா இடுப்பும் முழங்காலும் சேர்ந்து திரும்பணும். இதுக்கு குண்டே வேண்டாம், துப்பாக்கி காலின்னு ரெண்டு தடவ பாத்து, தோட்டாவெல்லாம் வேற ரூம்ல வச்சுட்டு, பாதுகாப்பான சுவத்துல மூணு ஸ்டிக்கர் ஒட்டி டிரை ஃபயர், அதாவது குண்டில்லாம குறி பாத்து விசைய மட்டும் இழுக்குறது, பண்ணுனா போதும்.

ஒலிம்பிக்ஸ் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல்ல 5 டார்கெட், ஒண்ணுக்கு ஒண்ணா 5 குண்டு, முதல்ல 8 செகண்டுக்குள்ள, அப்புறம் 6, அப்புறம் 4. கீழ இருக்குற கைய தூக்குறதும் அந்த 4 செகண்டுக்குள்ளதான். அங்க ஸ்ப்ளிட்டே கிடையாது, மொத்தமும் ட்ரான்ஸிஷன்! ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்ச வல்வில் ஓரிக்கு மட்டும்தான் இந்தக் கவலை இல்ல.

சரி, தமிழ்ல? "இலக்கு மாற்றம்"னா ஏதோ ஆபீஸ்ல சேல்ஸ் டார்கெட்ட ஏத்திட்டாங்க போலன்னு தோணும். "குறிமாற்றம்" வேண்டவே வேண்டாம், சிரிப்பாங்க. "நிலைமாற்றம்" அறிவியல் பாடத்துக்கு சரி, இங்க ஒட்டாது. கட்சித் தாவல் மாதிரி "இலக்குத் தாவல்"னு சொல்லலாம்ங்கிறது என் கட்சி. குரங்கு இருக்குற கிளைல நல்லா ஊணி, அடுத்த கிளைய பாத்துட்டுதான் தாவும், நடுவுல இருக்குற காத்த பாக்காது. கிளம்புறதும் போய் நிக்கிறதும் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு, ட்ரான்ஸிஷன்ல அது இல்ல.

பேச்சுல சுருக்கி தாவல்னே சொல்லிக்கலாம்: "முதல் தாவல் 0.45 செகண்ட், ரெண்டாவது 0.70, கண்ணு அங்கயே நின்னுருச்சு."