எடை குறையவில்லையா? நடையை நிறுத்திவிடாதீர்கள்

"மூணு மாசமா நடக்கிறேன் டாக்டர், ஒரு கிலோகூட இறங்கலை. இனி எதுக்கு நடக்கணும்?" சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் எந்த டாக்டரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. நோயாளிகள் பலர் கேட்பதோடு நிற்பதில்லை, நடையையும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால், எடை அப்படியே இருந்தாலும் அவர்கள் கையில் வைத்திருக்கும் ரிப்போர்ட்டில் பல நேரம் ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு இறங்கியிருக்கும், சாப்பிட்ட பின் எடுத்த சுகரும் குறைந்திருக்கும்.

சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். தசை செல்லுக்குள் 'குளூட்-4' என்றொரு புரதம் இருக்கிறது. அது செல்லின் ஓரத்துக்கு வந்தால்தான் சர்க்கரை உள்ளே போகும். வழக்கமாக அதை வரவழைப்பது இன்சுலின். ஆனால் தசை வேலை செய்யும்போது, இன்சுலின் இல்லாமலே அது வந்துவிடும். இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, உள்ளவர்களுக்கும் இந்த வழி அடைபடுவதில்லை. நடந்து முடித்த பிறகும் ஓரிரு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும், அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு வாங்க ஓடினால் அந்த வாரம் முழுவதற்கும் பலன் கிடைக்காது.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். இவர்களுக்கும் எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மவர்களில் நிறையப் பேர் பார்க்க ஒல்லி. கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் சட்டைப் பொத்தானை இழுக்கும். இவர்களை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நான் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளப்பேன்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும். பிறகு, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்வேன். ஐம்பது வயதுக்காரர் நான்காவது முறையிலேயே கைப்பிடியைத் தேடினால், அவருக்கு நடை மட்டும் போதாது, தசையை வளர்த்தாக வேண்டும் என்று புரிந்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதே நாற்காலிப் பயிற்சி, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது என்று தொடங்கலாம். ஜிம்முக்குப் போயே தீர வேண்டும் என்பதில்லை.

"வீட்டு வேலையே போதும்" என்னும் அம்மாக்களுக்கு: நீங்கள் படும் பாடு உண்மை. ஆனால் அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பதில் கால் வலிக்குமே தவிர, மூச்சு வாங்காது. இராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தை வீட்டில் வேறு யாரிடமாவது விட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் தெருவில் நடங்கள். சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையை அடக்க அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்க வேண்டாம், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்; சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் பூங்காவின் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு எட்டு வடிவில் நடக்கக் கூடாது. புண் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. ஷூ போட்டு நடங்கள், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ தாடையோ இடது கையோ வலித்தாலோ, கேஸ் என்று சோடா குடிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.