ஆறு கட்டுச் சீட்டும் ஒரு வகுத்தல் கணக்கும்

“அக்கா, இது சூதாட்டம் இல்ல, கணக்கு.” இப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு நோட்டுப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார் அந்தப் பொறியாளர். சிங்கப்பூரில் சூதாட்டப் பழக்கத்திலிருந்து வெளியே வர நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அவராக வரவில்லை, மனைவி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நோட்டு முழுக்க பிளாக்ஜாக் (சீட்டுகளின் கூட்டு 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் ஆட்டம்) சீட்டு எண்ணிக்கை. அவர் சொன்னது பொய்யும் அல்ல. 1960களின் தொடக்கத்தில் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் ஐபிஎம் 704 கணினியில் போட்டுப் பார்த்து, போன சீட்டுகளை நினைவில் வைத்தால் ஆட்டக்காரருக்குச் சாதகம் வரும் என்று நிறுவினார். இன்று பலரும் கற்பது ‘ஹை-லோ’ முறை. 2 முதல் 6 வரை போனால் ஒன்று கூட்டு. 7, 8, 9 என்றால் விட்டுவிடு. பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் போனால் ஒன்று கழி. கூட்டுத்தொகை ஏற ஏற, மீதியில் பெரிய சீட்டு அதிகம் என்று பொருள்; அது ஆட்டக்காரருக்குச் சாதகம்.

சரி, சிக்கல் எங்கே? தோர்ப் முதலில் கணக்குப் போட்டது ஒரு கட்டுக்கு. இன்றைய மேசையில் பெரும்பாலும் ஆறு கட்டு, அதாவது 312 சீட்டு. சில இடங்களில் எட்டு. ஒரு கட்டிலிருந்து நான்கு ஐந்துகளும் போய்விட்டால் மீதி 48 சீட்டில் பத்து மதிப்புள்ளவை (பத்து, ஜாக், ராணி, ராஜா) 16, மூன்றில் ஒன்று. ஆறு கட்டிலிருந்து அதே நான்கு ஐந்துகள் போனால் 308-இல் 96. 30.8 விழுக்காடு 31.2 ஆகிறது, அவ்வளவுதான். டம்ளரில் போட்ட உப்பை அண்டாவில் போட்ட கதை.

அதனால்தான் கூட்டுத்தொகையை இன்னும் எத்தனை கட்டு மீதி என்பதால் வகுக்கச் சொல்கிறார்கள். +6 வந்திருக்கிறது, ஐந்து கட்டு மீதி என்றால் உண்மையான எண் 1.2. அதே +6, ஒரு கட்டு மீதி என்றால் 6. இந்த வகுத்த எண் ஒன்று கூடினால் ஆட்டக்காரருக்கு ஏறக்குறைய அரை விழுக்காடு சாதகம் கூடும். ஆனால் சரியாக ஆடினாலும் தொடக்கத்தில் அரை விழுக்காடு சாதகம் சூதாட்டக் கூடத்தின் பக்கம். ஆக +1 வந்தால்தான் சமநிலை. +3 வந்தால் ஆட்டக்காரர் பக்கம் ஒரு விழுக்காடு.

அவருடைய நோட்டின் முதல் பத்து பக்கங்களில் வகுத்தலே இல்லை! பிறகு கற்றுக்கொண்டிருந்தார். அடுத்த சந்திப்புக்கு முன் தேக்காவில் ஆறு சீட்டுக்கட்டு வாங்கி, ஜோக்கர்களை எடுத்துப் போட்டுவிட்டு மேசையில் கலைத்து வைத்தேன். அலுவலகத்தில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், அது வேறு. 104 சீட்டை எண்ணி ஓரமாக அடுக்கி, “மீதி எத்தனை கட்டு?” என்று கேட்டேன். சூதாட்ட மேசையில் சீட்டை எண்ணிப் பார்க்க விடமாட்டார்களே. ஓரத்து அடுக்கின் உயரத்தைக் கண்ணால் அளந்துதான் சொல்ல வேண்டும். “மூணு” என்றார். நான்கு. கூட்டுத்தொகை +9 என்றால் அவர் கணக்கில் 3, உண்மையில் 2.25. ஒரு விழுக்காடு என்று நம்பி அவர் பணம் வைக்கும் கையில் (ஒரு சுற்று ஆட்டத்தைக் கை என்பார்கள்) சாதகம் அரை விழுக்காட்டுக்குச் சற்றுமேல்தான். சத்தமில்லாத என் அறையிலேயே இந்தப் பிழை.

கண் தப்பாதவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் சாதாரணக் கைக்கு 25 வெள்ளி, நல்ல கைக்கு 100 வெள்ளி வைத்தார். +3-க்கு மேல் வருவது பத்துக் கையில் ஒன்று என்று தாராளமாகவே கொடுப்போம். அந்த ஒரு கையில் சராசரி வரவு 1 வெள்ளி. மற்ற ஒன்பது கையிலும் தலா 12 காசு போனால் ஏறக்குறைய 1 வெள்ளி 10 காசு. வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி. இதற்குமேல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்டித்தான் உள்ளே போகிறார்கள். அந்த 150 வெள்ளி அவர் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஒரே கையில் 100 வெள்ளி வைத்தால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 115 வெள்ளி. ஒரு வெள்ளிச் சாதகம் அதற்குள் எங்கே தெரியப்போகிறது? பல்லாயிரக்கணக்கான நல்ல கைகள் ஆடியபின்தான் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்தே பார்க்க முடியும். இங்கேதான் எனக்குக் கவலை. தோற்ற நாள்களுக்கு எதிரே எல்லாம் அவர் ‘வேரியன்ஸ்’, அதாவது ஏற்ற இறக்கம், என்று எழுதியிருந்தார். சொல் சரிதான். ஆனால் எந்தத் தோல்வியையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். “இன்னும் கொஞ்சம் கை ஆடினால் சரியாகும்” என்பது புள்ளியியலாகவும் இருக்கலாம், விட முடியாதவரின் பேச்சாகவும் இருக்கலாம். காதுக்கு இரண்டும் ஒன்று போலவே கேட்கும்.

எது என்று கண்டுபிடிக்க நான் கேட்பது, பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். எண்ணி ஆடுவதையே தொழிலாகச் செய்பவர்கள் போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய பணத்தில் ஆடுவார்கள். இவருடையது உரிமம் பெற்ற வட்டிக்கடையில் வாங்கிய கடன், மாதத்துக்கு 4 விழுக்காடு. மனைவிக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அவர் அழவில்லை, நோட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: சீட்டு எண்ணுகிறேன் என்பவரிடம் “ஏமாற்று வேலை” என்று சண்டைக்குப் போகாதீர்கள். மனக்கணக்காக எண்ணுவது ஏமாற்று இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதோடு உங்கள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுவார். நுழைவுக் கட்டணம், டாக்சி, வட்டி எல்லாம் எழுதிய கணக்கைக் கேளுங்கள். இயந்திரம் விடாமல் கலைத்துக்கொண்டிருக்கும் மேசையிலும், கைக்குக் கை புதிதாகக் கலைக்கும் கைப்பேசிச் செயலியிலும் எண்ணிக்கைக்கு வேலையே இல்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கூடத்துக்குள் நுழையாதபடி தன்னைத்தானே தடை செய்துகொள்ளலாம். குடும்பத்தார் விண்ணப்பித்தும் தடை வாங்கலாம்.

கணக்கை முடித்ததும் அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அப்ப ஒரு கட்டு மேசை எங்கக்கா இருக்கு?”

லாஸ் வேகஸில் இருக்கிறது. ஆனால் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும்) விழுந்தால் 3-க்கு 2 என்று கொடுத்ததைப் பல ஒரு கட்டு மேசைகளில் 6-க்கு 5 ஆகக் குறைத்துவிட்டார்கள், அதிலேயே ஏறக்குறைய 1.4 விழுக்காடு போய்விடும் என்றேன். நோட்டை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் கொடுத்து அனுப்பினேன்.