நாலு மணி அலாரம்

பையனுக்கு இருபத்து மூன்று வயது. மியான்மரின் யாங்கோன் நகரில் தாம்வே பக்கம் வீடு. (இப்படி மனநல ஆலோசனைக்கு என்னிடம் வந்த நாலைந்து பேரை ஒருவராக்கித்தான் எழுதுகிறேன், யாரென்று தேட வேண்டாம்.) கூட வந்த அம்மா, "சயாமா, தம்பிக்குப் படிப்புல மனசே நிக்கல. என்ன கேட்டாலும் எரிஞ்சு விழறான். கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றார். (சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சரம்மா என்பதுபோல.)

ஜப்பான் வேலைக்காக ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை தேறி, அதற்கு அடுத்த என்3க்குப் படித்துக்கொண்டிருந்தவர். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மே மாதம், ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக அனுமதி கொடுப்பதையும் நிறுத்தினார்கள். அன்றோடு புத்தகம் மூடியது. போனில் நாலு மணி அலாரம் மட்டும் தினமும் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து படிப்பதும் இல்லை, அலாரத்தை எடுப்பதும் இல்லை. கட்டைவிரலால் அமர்த்திவிட்டு, விடியும்வரை கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாராம்.

இதைச் சோம்பல் என்று வீட்டில் திட்டுகிறார்கள். இலக்கு தடைபட்ட மனம் எப்படிப் போகும் என்று 1975இலேயே எரிக் கிளிங்கர் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார்: முதலில் இன்னும் மும்முரமாக முட்டிப் பார்க்கும், அப்புறம் கோபம், அப்புறம் சோர்ந்து விழும், பிறகு மெல்லத் தேறும். அம்மா பார்த்த எரிச்சல் இந்த வரிசையில் வருவதுதான். புத்தி சொன்னால் நிற்காது.

'விடாதே, முயற்சி செய்' என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எட்டவே முடியாத இலக்கைக் கைவிட்டு வேறொன்றில் இறங்கத் தெரிந்தவர்களின் மனநலம் மேலாக இருப்பதை 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கைவிடுவது மட்டும் போதாது, இறங்க வேறொன்று வேண்டும்.

"ஜப்பான் போய் என்ன செய்யணும்னு இருந்தீங்க?" என்று கேட்டேன். வெகுநேரம் பேச்சில்லை. "தங்கச்சி படிப்புக்குப் பணம் அனுப்பணும் சயாமா" என்றார், கண் கலங்கியது. "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று அம்மா ஆரம்பிக்க, நான் கையமர்த்தினேன். முகத்தில் காட்டாமல் அடக்கினாலும் உடம்பின் படபடப்பு அடங்குவதில்லை. சோதனைகளில் கூடுவதையே பார்த்திருக்கிறார்கள். அழுதது நல்லதாயிற்று.

பிறகு சிறிதாக ஒன்று பிடித்தோம். 'இனி ஒழுங்காக இருப்பேன்' என்பது காற்றில் போகிற சொல். 'கரண்ட் வந்ததும் மாமா கடைக் கணக்கை எடுப்பேன்' என்பது நிற்கும்: இது நடந்தால் இதைச் செய்வேன் என்ற கட்டு. கணக்கு பார்ப்பதற்கு மாமா தரும் பணம் தங்கச்சியின் டியூஷனுக்குப் போகிறது. பெரிய தொகை இல்லைதான்.

தூக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், தனியாகவும் இருக்க வேண்டாம்.

போன மாதம் வந்தபோது அலாரத்தைப் பற்றிக் கேட்டேன். எடுக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று மாற்றி வைத்திருக்கிறார்.