மிசல் மேல் பழி போடாதீர்கள்

இந்த வாரமும் அதே கதைதான். ஷீரடி தரிசனம் முடித்து, மும்பையில் மகன் வீட்டில் சில நாள் தங்கிப் போகலாம் என்று வந்த பெரியவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரவு முழுக்க வயிற்றுப்போக்கு, காய்ச்சல், நாக்கு வறண்டு கிடக்கிறது. மகன் நாற்காலியில் உட்காரும் முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "நேத்து சாயங்காலம் ஒரு வடாபாவ் சாப்பிட்டார் டாக்டர். அப்பவே சொன்னேன், இந்த ஊர்க் காரமும் எண்ணெயும் உங்களுக்கு ஒத்துக்காதுப்பான்னு." பெரியவர் பாவம், ஒன்றும் பேசவில்லை. "ஐயா, அதுக்கு முந்தின ரெண்டு நாள்ல என்னென்ன சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்க?" என்று கேட்டேன். ஒவ்வொன்றாக வந்தது. பஸ் நின்ற இடத்தில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு, காகிதத் தட்டில் வெட்டி வைத்த பப்பாளி, ஒரு ஓட்டலில் ஜக்கில் வைத்திருந்த தண்ணீர். இந்த மொத்தப் பட்டியலில் கொதிக்கிற எண்ணெயிலிருந்து நேராக அவர் கைக்கு வந்த பொருள் அந்த வடாபாவ் ஒன்றுதான்.

மும்பையில் சயான், மாட்டுங்கா பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவன் நான். பிள்ளைகளைப் பார்க்க வருகிற அப்பா அம்மாக்கள், ஷீரடி, பண்டரிபுரம், த்ர்யம்பகேஸ்வர் சுற்றுலாக் குழுக்கள் என்று ஊரிலிருந்து வருகிற தமிழர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவது இங்கே வழக்கம். அவர்கள் எல்லாரும் பழி சொல்வது வடாபாவ், மிசல் (காரக் குழம்பு ஊற்றிய பயறு) என்று இந்த ஊர்க் காரத்தைத்தான். அதோடு விட்டாலும் பரவாயில்லை, மீதி நாளெல்லாம் "சேஃபா சாப்பிடறோம்" என்று பஃபேயில் மணிக்கணக்காக வெட்டிக் கிடக்கும் பழத்தையும் பச்சைக் காய்கறியையும் ஐஸ் மிதக்கும் ஜூஸையும் சாப்பிட்டுவிட்டு, மராட்டியச் சாப்பாடே ஆகாது என்று சொல்லிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு பயப்பட வேண்டாததுக்குப் பயப்படுகிறார்கள், கூடவே ஒரு அருமையான சாப்பாட்டையும் இழக்கிறார்கள். இரண்டும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் சொல்லியாக வேண்டும். காரம் கிருமி கிடையாது. மிளகாயில் இருக்கும் காப்சைசின் வாயில் எரிகிற மாதிரியே போகும் வழியெல்லாம் எரியும், பழக்கமில்லாதவர்களுக்கு மறுநாள் காலை ஒருமுறை இரண்டுமுறை இளக்கமாகப் போகலாம், அவ்வளவுதான். அதனால் காய்ச்சல் வராது, ரத்தம் போகாது, பத்து முறை கழிப்பறைக்கு ஓட வேண்டி வராது. ஏற்கெனவே அசிடிட்டி, அல்சர், மூலம் உள்ளவர்களுக்குக் காரம் தொந்தரவு தரும், அவர்கள் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் அது தொற்று இல்லை, வேறு பிரச்சினை. எண்ணெயும் அப்படித்தான். அடிக்கடி சாப்பிட்டால் இதயத்துக்குக் கெடுதல், ஒருநாள் அதிகமானால் வயிறு மந்தம். கிருமியைப் பொறுத்தவரை 170, 180 டிகிரி எண்ணெயில் பொரிந்து அப்போதே கைக்கு வருவதைவிடப் பாதுகாப்பான சாப்பாடு தெருவில் இல்லை.

கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று எல்லாரும் நினைப்பதும் தப்புக் கணக்கு. கெட்டுப்போன உணவில் ஏற்கெனவே நஞ்சு உருவாகியிருந்தால்தான் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். பயணிகளுக்கு வருகிற சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள், சில நேரம் மூன்று நாள் ஆகும். டைஃபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து வரும். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலைக்குச் சராசரியாக ஒரு மாதம். ஆகவே நான் நேற்றைக் கேட்பதில்லை, முந்தாநாளைத்தான் கேட்பேன்.

சரி, அந்த வடாபாவையே எடுத்துக்கொள்வோம். 1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் தொடங்கியது என்று இந்த ஊரில் பரவலாகச் சொல்வார்கள். பூண்டும் பச்சை மிளகாயும் மஞ்சளும் போட்டு மசித்த உருளைக்கிழங்கைக் கடலைமாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். கிழங்கு ஏற்கெனவே வெந்தது, மறுபடி எண்ணெயில் வேகிறது. பாவ் பேக்கரியில் சுட்டது. சிவப்பாகத் தூவுகிற பூண்டுச் சட்னி உலர்ந்த பொடி, அதில் கிருமி வளர ஈரமே இல்லை. கவலைப்பட வேண்டியது பாவின் உள்பக்கம் தடவுகிற பச்சைச் சட்னி ஒன்றுக்குத்தான். பச்சைக் கொத்தமல்லி, வேக வைக்காதது, குழாய்த் தண்ணீரில் அரைத்தது, காலையிலிருந்து வெயிலில் இருப்பது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தட்டில் குவித்து வைத்ததை விட்டு எண்ணெயிலிருந்து எடுப்பதைக் கேளுங்கள். "கரம் த்யா" (சூடாகக் கொடுங்கள்) என்றால் போதும், கடைக்காரர் ஒரு நிமிடம் நிற்கச் சொல்வார். நில்லுங்கள்.

மிசலுக்கும் இதே நியாயம்தான். முளைகட்டிய நரிப்பயறை வேக வைத்து உசல் செய்கிறார்கள், மேலே ஊற்றுகிற 'கட்' என்கிற காரக் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கிறது, சிவப்பு எண்ணெய் மேலே மிதக்கும், பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். அதன்மேல் ஃபர்சான் என்கிற காய்ந்த மிக்ஸர். கோல்ஹாபூரில் பாவுக்குப் பதில் பிரெட் வைப்பார்கள், புனே மிசலில் அவல் சேரும், நாசிக்கில் கறுப்பு மசாலா. தானேயில் மாம்லேதார் மிசல் காரத்துக்குப் பேர்போனது, முதல்முறை வருகிறவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். "திகட் கமீ" என்று சொன்னால் எந்தக் கடையிலும் காரம் குறைத்துத் தருவார்கள், அந்தக் காரக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கி வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். தட்டின் ஓரத்தில் வைத்த நறுக்கின வெங்காயத்தை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். எப்போது நறுக்கினது, எந்தத் தண்ணீரில் கழுவினது என்று யாருக்கும் தெரியாது. மிசலை முழுக்கச் சாப்பிடலாம், அந்த வெங்காயத்தை விட்டுவிடலாம், இதுதான் என் கட்சி.

காரமே ஆகாதவர்களுக்கு மராட்டியச் சாப்பாட்டில் இடம் இல்லை என்று நினைக்காதீர்கள். வறுத்த தானியங்களை அரைத்த பாஜணி மாவில் தட்டிச் சுடுகிற தாலிபீட், சோள ரொட்டியும் கடலைமாவும் சேர்ந்த ஜுணகா பாகர் (1995-ல் வந்த மாநில அரசு இதை ஒரு ரூபாய்க்குத் தந்தது), கொத்தமல்லியை வேக வைத்துப் பொரிக்கிற கோதிம்பீர் வடி, சேப்பங்கிழங்கு இலையில் மாவு தடவிச் சுருட்டிய ஆளு வடி, நம் கொழுக்கட்டையின் சொந்தக்காரனான உகடீசே மோதக். எல்லாம் அடுப்பிலிருந்து நேராக வருபவை. ஆளு வடி தொண்டையில் அரித்தால் புளி போதவில்லை என்று அர்த்தம், ஒவ்வாமை வந்துவிட்டது என்று எனக்கு ராத்திரி போன் செய்ய வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு தனி வேண்டுகோள். சாபுதாணா கிச்சடியை விரதச் சாப்பாடு, அதனால் லேசானது என்று நினைத்து ஏகாதசி, சதுர்த்தி என்று இல்லாமல் தினமும் காலை டிபனாகவே சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன். சாபுதாணா என்பது நம் ஜவ்வரிசிதான், மகாராஷ்டிரத்துக்கு வருவதில் பெரும்பகுதி சேலத்துச் சரக்கு. மரவள்ளி மாவுச்சத்தைத் தவிர அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கூட உருளைக்கிழங்கு வேறு. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை எகிறும். ருசிக்கு நாலு ஸ்பூன் சாப்பிடுங்கள், தயிரோடு சாப்பிடுங்கள், ஒரு தட்டு முழுக்க வேண்டாம். காலைக்கு ஜுணகா பாகர் எவ்வளவோ மேல்.

அந்தக் கிச்சடியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, வேர்க்கடலை. மராட்டியச் சமையலில் வறுத்த வேர்க்கடலைப் பொடி எங்கேயெல்லாம் போகும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. வெள்ளரிக்காய்ப் பச்சடியான கோசிம்பீரில், மசாலா அடைத்த கத்தரிக்காயான பர்லி வாங்கியில், மிளகாய்த் துவையலான டேச்சாவில், பல கடைகளில் வடாபாவின் அந்த உலர்ந்த சட்னியிலும்கூட. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் "ஷேங்க்தாணா ஆஹே கா?" (வேர்க்கடலை இருக்கிறதா?) என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டே ஆக வேண்டும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரர் 'இல்லை' என்று சொன்னாலும் அதே கரண்டி, அதே எண்ணெய். உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி.

இப்போது நிஜமாகப் பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். தண்ணீர், ஐஸ், பச்சையாக வெட்டி வைத்தவை. கிர்காவ் சௌபாட்டி கடற்கரையில் பானிபூரிக்காரரின் கையை ஒரு நிமிடம் கவனியுங்கள். ஒரு கை பூரியை உடைத்து ரகடா என்கிற பட்டாணி மசாலாவை அடைக்கிறது, அதே கை பானையில் மணிக்கட்டு வரை முங்கி எழுகிறது, காசு வாங்குகிறது, துணியில் துடைக்கிறது, மறுபடி முங்குகிறது. மினரல் வாட்டர் பானிபூரி என்று போர்டு வைத்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். தண்ணீர் சரி, கை? கையுறையும் கரண்டியும் இருக்கும் கடையில் சாப்பிடுங்கள், இல்லையென்றால் பானி இல்லாத ஏதாவது ஒன்றை, சூடான ரகடா பாட்டீஸையோ தவாவில் புரள்கிற பாவ்பாஜியையோ சாப்பிடுங்கள். ஐஸ் விஷயத்தில் நான் கறார். உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் மகாராஷ்டிரத்தில் விதி கொண்டுவந்தார்கள், அப்படியென்றால் அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று நீங்களே யோசியுங்கள். வெள்ளையாக இருப்பதால் மட்டும் ஐஸ் சுத்தம் ஆகிவிடாது. துருவிய ஐஸில் சிரப் ஊற்றித் தருகிற கோலாவும் வேண்டாம், கரும்புச்சாறு குடித்தே ஆக வேண்டுமென்றால் "பர்ஃப் நகோ" (ஐஸ் வேண்டாம்) என்று சொல்லுங்கள். தேங்காய்ப்பாலும் கோகம் புளியும் சேர்ந்த பானமான சோல்கடியில் தேங்காய்ப்பாலைக் கொதிக்க வைப்பதில்லை, அதனால் ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கடையில் அன்றைக்கே செய்ததென்றால் குடிக்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் இதெல்லாம் இரண்டு மடங்கு கறாராக. கர்ப்பிணிகள் அந்த மாதங்களில் வெளித் தண்ணீர், ஐஸ், பச்சைச் சட்னி எதையும் தொடவே வேண்டாம். தண்ணீரால் பரவும் மஞ்சள் காமாலையான ஹெபடைடிஸ் ஈ கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உயிருக்கே ஆபத்து, இதில் விளையாட்டு கிடையாது. மீன் பிரியர்களுக்கு: ஜூன், ஜூலையில் இயந்திரப் படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது தட்டில் வரும் சுர்மையும் (வஞ்சிரம்) பாப்லெட்டும் (வாவல்) பெரும்பாலும் ஐஸ்பெட்டிச் சரக்கு. மற்ற மாதங்களில் ரவையில் புரட்டிய பொம்பில் மீன் வறுவலைத் தவறவிட வேண்டாம்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிற சாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு நாள். முதல் வேளைக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம் சரி. மறுநாள் மதியம் அதே டப்பாவைத் திறந்து, "நம்ம வீட்டுச் சாதம், ஒன்றும் ஆகாது" என்று சாப்பிடுகிறீர்களே, வெந்த சாதம் வெளியில் அத்தனை மணி நேரம் இருந்தால் அதில் பாசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமி நஞ்சை உருவாக்கும், சூடு பண்ணினாலும் வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு போகாது. வயிறு அங்கேயே கெட்டுவிடுகிறது, இறங்கிய பிறகு சாப்பிட்ட மிசலுக்குப் பழி.

மீறி வந்துவிட்டால்? ஓஆர்எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. டம்ளரில் பாதி பாக்கெட்டைக் கொட்டிக் கலக்காதீர்கள், அந்த அளவுக்கு உப்பு கூடினால் தொந்தரவுதான். அட்டை டப்பாவில் பழ ருசியோடு இனிப்பாக விற்பதெல்லாம் ஓஆர்எஸ் ஆகாது, சர்க்கரை அதிகமானால் போக்கு கூடும். மெடிக்கல் ஷாப்பில் போய் "லூஸ் மோஷன் மாத்திரை" என்று கேட்டு, அவர் தருகிற நார்ஃப்ளாக்சசின் டினிடசோலைப் போட்டுக்கொள்கிற பழக்கத்தை என்ன சொல்லி நிறுத்துவது என்றே தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. போக்கை நிறுத்துகிற லோபரமைடு மாத்திரையைக் காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது போடவே கூடாது, குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்கள் வாந்தியும் போக்குமாக இருக்கும் நாளில் வழக்கம்போல மாத்திரையை முழுங்கிவிட்டுப் படுக்காதீர்கள், முதலில் உங்கள் டாக்டருக்கு போன் போடுங்கள், சிலவற்றை அன்று நிறுத்தச் சொல்வார். இன்சுலின் போடுகிறவர்களும் கேட்காமல் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பெரியவர் குழப்பமாகப் பேசுகிறார், குழந்தை துவண்டு கிடக்கிறது, இதில் எது ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றி உங்கள் ஊர் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். திரும்பிப் போன பிறகு ஒன்றரை மாதத்துக்குள் விடாத காய்ச்சலோ, பசியே இல்லாமல் சிறுநீர் மஞ்சளாகப் போவதோ இருந்தால், மதுரையிலோ கோவையிலோ எந்த டாக்டரைப் பார்த்தாலும், மும்பை போய் வந்த தேதியையும் அங்கே குடித்த ஜூஸையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.