பல்லுக்குள் வைப்பது ‘உயிர்ப்பொருள்’ அல்ல

தக்கலையில் ஒரு பல் மருத்துவமனையில் காத்திருந்தபோது கையில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். ‘சேதமடைந்த பற்திசுக்களை உயிர்ப்பொருட்கள் மூலம் மறுஉருவாக்கம் செய்தல்’ என்று தலைப்பு. என் சித்தி பேத்தியின் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்திருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை, சொத்தை ஆழமாக இறங்கியிருந்தது. சித்தி தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“மக்களே, உயிர்ப்பொருள்னு போட்டிருக்கே, இது எதுக்க உயிரு? ஆடா, மாடா?”

சித்தி சுத்த சைவம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியே விட்டார். டாக்டர் வெளியே வந்து, அது ஒரு வகைச் சிமென்ட் பொடி என்று சொன்ன பிறகுதான் திரும்ப உட்கார்ந்தார்.

சித்தி வாசித்ததில் ஒரு தப்பும் இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அந்தச் சொல்லை அப்படித்தான் வாசிப்பார்கள். தப்பு சொல்லில் இருக்கிறது. கருத்தரங்கு அழைப்பிதழ், நாளிதழின் மருத்துவப் பக்கம், இப்போது துண்டுத்தாள் என்று இந்த ‘உயிர்ப்பொருள்’ எங்கும் வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

மூலச்சொல் பயோமெட்டீரியல். ‘பயோஸ்’ கிரேக்கம், வாழ்வு, உயிர். ‘மெட்டீரியல்’ லத்தீன் வழி வந்தது; பொருள். இரண்டையும் ஒட்டிவைத்து ‘உயிர்ப்பொருள்’ என்று முடித்துவிட்டார்கள். அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

1986இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் இந்தத் துறையினர் கூடி ஒரு வரையறை செய்தார்கள். மருத்துவச் சாதனத்தில் பயன்படுகிற, உடலின் உயிருள்ள அமைப்புகளோடு வினைபுரிவதற்கென்றே அமைந்த ‘உயிரற்ற’ பொருள் என்பது அதன் சாரம். உயிரற்ற என்ற சொல் வரையறைக்குள்ளேயே இருந்தது. நாம் அதற்கு உயிர்ப்பொருள் என்று பெயர் வைத்தோம்! பிறகு வந்த வரையறைகளில் அந்தச் சொல் விடுபட்டது உண்மை. ஆனாலும் பல் மருத்துவர் குழியில் வைக்கிற பொடிக்கு அதனால் உயிர் வந்துவிடவில்லை.

தமிழில் தொகைச்சொல் விரியும் முறையைப் பாருங்கள். உயிர்ப்பொருள் என்றால் உயிரை உடைய பொருள். தொடக்கப் பள்ளியிலேயே உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரித்துப் படித்த பிள்ளைக்கு, கல், மண், இரும்பு ஒரு பக்கம், மரம், மாடு, மனிதன் இன்னொரு பக்கம். உயிர்ப்பொருள் என்று கேட்டதும் அது மாட்டின் பக்கம்தான் போய் நிற்கும். உயிருக்குப் பயன்படும் பொருள் என்றும் விரிக்கலாமே என்று ஒரு நண்பர் வாதிட்டார். விரிக்கலாம், இலக்கண வகுப்பில். காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர் அப்படி விரிக்க மாட்டார்.

‘உயிரி என்பது நிலைத்துவிட்ட முன்னொட்டு, ஒரே சீராக இருக்க வேண்டாமா’ என்பது இன்னொரு வாதம். இதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். எங்கள் மாவட்டத்து வாழை விவசாயிக்கு உயிர் உரம் தெரியும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எல்லாம் உயிரோடிருக்கும் நுண்ணுயிர்கள். வெயிலில் போட்டால் செத்துவிடும், அதனால் நிழலில் வைக்கச் சொல்வார்கள். அங்கே உயிர் என்ற சொல் பொருந்துகிறது. உயிரித் தொழில்நுட்பத்திலும் பொருந்துகிறது. ஆனால் பயோகிராபியை யாரும் உயிர் வரலாறு என்று எழுதவில்லை, வாழ்க்கை வரலாறு என்றுதான் எழுதினோம். அதுவும் அதே பயோஸ்தான். முன்னொட்டைப் பார்த்து மொழிபெயர்த்திருந்தால் அந்த நல்ல சொல் கிடைத்திருக்காது.

பொருள்களையே எடுத்துக்கொள்வோம். 1920இல் ஹெர்மன் என்பவர் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்த கால்சியம் ஹைட்ராக்சைடு, வேதியியலில் பார்த்தால் நம் நீற்றிய சுண்ணாம்புதான். 1969இல் லாரி ஹென்ச் புளோரிடாவில் உருவாக்கியது எலும்போடு ஒட்டும் ஒரு வகைக் கண்ணாடி. 1993இல் தொராபினஜாத் கலிபோர்னியாவில் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற பல் சிமென்ட், வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமென்டின் வழி வந்தது. அன்று டாக்டர் எங்கள் கண் முன்னால்தான் குழைத்தார். கண்ணாடிப் பலகையில் கொஞ்சம் பொடி, சில சொட்டுத் தண்ணீர். அலை வடிந்த கரையின் ஈர மணல் பதம் வந்ததும் எடுத்துக்கொண்டு போனார். இன்றைய பல் சிமென்டுகள் சிலவற்றில், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சிர்கோனியம் ஆக்சைடு சேர்க்கிறார்கள். சிர்கோனியம் கிடைக்கும் கனிமமான சிர்கான் எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறது. அங்கே அதைப் பிரித்தெடுக்கும் ஆலையே இருக்கிறது. அந்த மணலைக் காட்டி உயிர்ப்பொருள் என்றால் ஊரில் யார் ஒத்துக்கொள்வார்கள்?

விலங்கிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதமும் பயோமெட்டீரியல்தான், அதை மறைக்கவில்லை. சித்தி கேட்ட கேள்வி அங்கே நியாயமான கேள்வி, அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும். சிமென்டுக்கும் கொலாஜனுக்கும் சேர்த்து உயிர்ப்பொருள் என்று எழுதினால் அந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்கவே முடியாது.

சரி, என்ன சொல்வது? ‘உடலிணக்கப் பொருள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் தெளிவு, எனக்குக் குறையில்லை. ஆனால் அதைவிட நல்ல சொல் நம் வாயிலேயே இருக்கிறது. “கத்தரிக்காய் எனக்குச் சேராது”, “அந்த மருந்து அவளுக்குச் சேரல்ல” என்று தினமும் சொல்கிறோம். வெளியிலிருந்து வந்ததை உடம்பு ஏற்றுக்கொண்டதா என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘சேர்தல்’. அதனால் ‘உடல்சேர் பொருள்’. சேர்ந்த, சேர்கிற, சேரும் என மூன்று காலத்துக்கும் வரும் வினைத்தொகை. உடல்சேர் கண்ணாடி, உடல்சேர் சிமென்ட் என்று நீட்டவும் வசதி. சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்போ உடம்புக்குச் சேரும், அவ்வளவுதானே” என்றார். விளக்கம் தேவைப்படவில்லை.

துண்டுத்தாளின் அடுத்த சொல் ‘மறுஉருவாக்கம்’. உருவாக்குவது யார்? டாக்டரும் இல்லை, சிமென்டும் இல்லை. இறுகும் சிமென்டிலிருந்து வரும் காரத்தன்மையும் கால்சியமும் பல்லின் நடுவே இருக்கும் உயிருள்ள மென்சதையான பற்கூழைத் தூண்ட, பற்கூழின் செல்கள்தான் அடியிலிருந்து புது டென்டினை, அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கும் கடினப் பகுதியை, பாலமாகக் கட்டுகின்றன. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவரைக் கேளுங்கள். பட்டையைச் சீவும்போது கத்தி உள்மரத்தில் படாமல் பார்த்துக்கொள்வார். இடையில் இருக்கும் மெல்லிய பசுஞ்சதை பிழைத்திருந்தால், சில ஆண்டுகளில் புதுப்பட்டை வந்து அதிலேயே மறுபடி வெட்டலாம். காயம் பட்டால் அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். பற்கூழும் அப்படித்தான், அது உயிரோடிருந்தால்தான் டென்டின் வரும். பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. ஆகவே இது வளர்ச்சி, ‘மீள்வளர்ச்சி’ என்று எழுதுங்கள். எனாமல் போன இடத்தில் செய்வது அடைப்பு, அதை அடைப்பு என்றே சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், பிள்ளையின் பல் முழுக்கத் திரும்ப முளைக்கும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருப்பார்கள். சித்தியும் அப்படித்தான் கேட்டார்.

அந்தத் துண்டுத்தாளின் பின்பக்கத்தில் ‘சொத்தைப் பல்லில் ஆழமான குழிக்குள், உடம்புக்குச் சேரும் சிமென்டை வைத்து, பல் தானே உள்ளே வளர வழி செய்தல்’ என்று எழுதி வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது மாற்றுகிறோம் என்றார்கள்.